அடைத்த வீட்டின் மூச்சு

ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில், கிரானிக்ஷ்டைன் பகுதியில், ஒட்டினாற்போல் நான்கு வீடுகள் இருக்கின்றன. 1991இல் அங்கே ஆட்கள் குடியேறினார்கள். இயற்பியலாளர் வுல்ஃப்காங் ஃபைஸ்ட்டின் ‘பாசிவ்ஹவுஸ்’ (சூடேற்ற மிகக் குறைந்த ஆற்றலே போதுமான வீடு) முயற்சி செயலுக்கு வந்தது அந்த வீடுகளில்தான். கனத்த வெப்பக்காப்பு, மூன்றடுக்குக் கண்ணாடி, இண்டு இடுக்கில்லாத கட்டுமானம். வாசலில் விசிறியைப் பொருத்தி 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் சோதித்தால், மணிக்கு வீட்டுக் கொள்ளளவில் 0.6 மடங்குக்கு மேல் காற்று கசியக் கூடாது என்பது இன்றைய பாசிவ்ஹவுஸ் விதி.

இப்படி அடைத்த சிறிய படுக்கையறையில் இருவர் கதவைச் சாத்தித் தூங்கினால், கரியமில வாயு ஒரு மணி நேரத்திலேயே பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டிவிடும். மியூனிக்கின் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் அறைக் காற்றுக்கு 1858லேயே சொன்ன எல்லை அது. ஜன்னலைத் திறந்தால் போயிற்று என்பார்கள். ஜெர்மானியர்கள் கடுங்குளிரிலும் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் விடும் பழக்கமுள்ளவர்கள்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு யார் எழுந்து திறப்பது?

அந்த வேலையைத்தான் வெப்பமீட்புக் காற்றோட்டக் கருவி செய்கிறது. சமையலறை, குளியலறைக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். வெளிக்காற்றை வடிகட்டிப் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் அனுப்பும். மெல்லிய தகடுகளின் இருபுறமும் இரண்டும் எதிரெதிராக ஓடுகின்றன. காற்று கலப்பதில்லை, சூடு மட்டும் கைமாறுகிறது. வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி, மீட்பு 80 சதவீதம் என்றால், புதுக்காற்று 16 டிகிரியில் வந்து சேரும். நால்வருக்கு மணிக்கு 120 கனமீட்டர் காற்று தர, விதி அனுமதிக்கும் மின்சாரம் 54 வாட்தான். நம் வீட்டுப் பழைய சீலிங் ஃபேனே 75 வாட் இழுக்கும். இந்த யோசனையில் எனக்குக் குறை தெரியவில்லை.

குறையெல்லாம் பொருத்துவதிலும் பராமரிப்பதிலும்தான். நெதர்லாந்தில் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரின் ஃபாத்ஹோர்ஸ்ட் பகுதியில், 2000களில் இக்கருவியுள்ள புது வீடுகளில் குடியேறியவர்கள் உடல்நலக் கோளாறுகளைச் சொல்லிப் புகார் செய்தார்கள். ஆராய்ந்தபோது, பல வீடுகளில் அறைகளுக்குப் போதிய காற்றே வரவில்லை என்பது தெரிந்தது. இரைச்சல் தாங்காமல் கருவியைக் குறைந்த வேகத்திலேயே ஓடவிட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் மாற்றாத வடிகட்டி ஒன்றை உருவிப் பாருங்கள்: வெள்ளையாக உள்ளே போன மடிப்புகள் கரியேறி, இடுக்குகளில் பூச்சிகள் அப்பிக் கிடக்கும். குடும்பமே சுவாசிப்பது அதன் வழியாக வரும் காற்றைத்தான்.

குளிர்காலத்தில் காற்று வறண்டு தொண்டை கரகரப்பதும் உண்மை. ஈரத்தையும் மீட்கும் சவ்வுத் தகடுகள் அதைப் பெருமளவு சரிசெய்கின்றன.

கருவியைக் குற்றம் சொல்லிக் கைவிடுவது தவறு. வீட்டின் கசிவை அளக்கும் கண்டிப்பு, ஒவ்வொரு அறைக்கும் வரும் காற்றை அளப்பதிலும் வேண்டும். இத்தகைய வீட்டை வாங்குபவர்கள், அறைவாரியாக அளந்தெழுதிய தாளைக் கேட்டு வாங்காமல் சாவியைக் கையில் வாங்காதீர்கள்.