கருவி வாங்குமுன் செவிலியரைக் கேட்டார்களா?

2015-இல் நடுவண் அரசு மருத்துவக் கருவிகளைப் பேணும் தேசியத் திட்டமொன்றைத் தொடங்கியது. அதற்கான கணக்கெடுப்பில், அரசு மருத்துவமனைகளில் மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 விழுக்காடு வரை கருவிகள் இயங்காமல் கிடந்தது தெரிந்தது. எனவே மாவட்ட மருத்துவமனையில் 95 விழுக்காட்டு நேரமும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 விழுக்காட்டு நேரமும் கருவிகள் இயங்கும் நிலையில் இருக்க வேண்டுமென விதித்தார்கள்.

நல்ல விதிதான். ஆனால் அது வாங்கிய பின் நடப்பதையே அளக்கிறது. பழுதில்லாத கருவியும் பயனின்றி உறங்கலாமல்லவா?

தவளக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிக்கு இரத்தப் பரிசோதனைக் கருவி வாங்குவதாகக் கொள்வோம். உப்புக் காற்று மின்சுற்றை அரிக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் அளவீடு பிழைபடும். வேதிப்பொருள் தீர்ந்தால் கருவி வெறும் பெட்டி. நாளொன்றுக்கு எத்தனை பரிசோதனை தேவை, இரவில் இயக்க ஆள் உண்டா என்பனவற்றை விலைப்புள்ளித் தாள் சொல்லாது; செவிலியரும் ஆய்வக நுட்பநரும் சொல்வார்கள்.

அவர்களைக் கேட்டால் தமக்குப் பிடித்த கம்பெனியின் பெயரைச் சொல்வார்களே என்பீர்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே கருவி செய்ய வேண்டிய வேலையை அவர்கள் எழுதட்டும். விலையைக் கணக்குத்துறை முடிவு செய்யட்டும். ஒப்பந்தப்புள்ளி கோருமுன் இருவர் கையெழுத்தும் இருப்பதே முறை.