கோயில் முந்தியதா, குதிர் முந்தியதா?

துருக்கி நாட்டின் தென்கிழக்கில், சான்லியுர்பா நகருக்கு அருகே, ஒரு மேடு இருக்கிறது. கோபெக்லி தெப்பே என்று அழைக்கின்றனர் அப்பகுதி மக்கள். தொந்தி மேடு என்பது பொருள். 1963-இல் இஸ்தான்புல், சிகாகோ பல்கலைக் கழகங்களின் ஆய்வுக் குழுவினர் அவ்வழியே வந்தனர்; மண்ணுக்கு மேலே தலை நீட்டிய கற்பலகைகளைக் கண்டனர்; பிற்காலத்துக் கல்லறைகள் போலும் என்று எண்ணிப் போய்விட்டனர். அதன் பின்னரும் முப்பதாண்டுக் காலம் உழவர் அந்த மேட்டில் ஏர் ஓட்டினர். கொழுவில் இடறிய கற்களை ஓரத்தில் குவித்தனர். 1994-இல் செருமானிய அறிஞர் கிளவுஸ் சிமிட் அங்கு வந்து நின்றார். இது கல்லறைக் கல் அன்று, கற்கால மனிதன் செதுக்கிய கல் என்று கண்டுகொண்டார். மறு ஆண்டு தொடங்கிய அகழ்வுப் பணியை, 2014-இல் மறையும் வரையில் அவர் விடவில்லை.

மண்ணை விலக்க விலக்க வெளிப்பட்டவை என்ன? வட்டமாகச் சுவர் எழுப்பிய கூடங்கள். சுவரில் பதித்த தூண்கள். நடுவே இரு பெருந்தூண்கள், ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் உயரம். 'டி' என்னும் ஆங்கில எழுத்தைப் போன்ற வடிவம். தூணின் பக்கங்களில் வளைந்த கைகள், வயிற்றருகே கூடும் விரல்கள், இடையிலே கச்சை, கச்சையிலிருந்து தொங்கும் நரித்தோல். மனிதனையே கல்லாக நிறுத்தினர் போலும்! சுற்றிலும் பாம்பு, நரி, தேள், பன்றி, கழுகு எனச் செதுக்கிய உருவங்கள். காலமோ கி.மு. 9500 அளவில் தொடங்குகிறது. எகிப்தின் பிரமிடுகள் எழுவதற்கு ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகள் முன்பு! மட்கலம் தோன்றாத காலம். உலோகம் அறியாத காலம். அங்கே கிடைத்த எலும்புகளில் கட்டி வளர்த்த ஆடு இல்லை, மாடு இல்லை. வேட்டையாடிய சிறுமானும் காட்டெருதும் உண்டு. விதைத்து அறுத்த தானியம் இல்லை. தானே விளைந்த காட்டுத் தானியம் உண்டு.

இந்தச் சான்றுகளை வைத்துக்கொண்டு சிமிட் ஒரு கோட்பாட்டை எழுப்பினார். 2006-இல் வெளிவந்த அவரது செருமானிய நூலின் தலைப்பே, முதற்கோயில்களை எழுப்பியோர் இவர்களே என்று முழங்குகிறது. வேட்டையாடி அலைந்த கூட்டங்கள் ஒரு புனித இடத்தில் கூடினர்; கூடியோர் கோயில் எழுப்பினர்; கட்டிய கைகளுக்குச் சோறிட வேண்டியதாயிற்று; அத்தேவையே தானியத்தைப் பயிரிடத் தூண்டியது. கோயில் முன்னே, கழனி பின்னே. இதுதான் அவர் கூறிய வரிசை.

ஏடுகள் விட்டுவைக்குமா? உலகின் முதற்கோயில் என்று கொட்டை எழுத்தில் போட்டன. மேடை கிடைத்தவரெல்லாம், "பார்த்தீர்களா, பக்தியே நாகரிகத்தின் தாய்! வயிற்றுக்குச் சோறு தேடு முன்பே மனிதன் வழிபாட்டைத் தேடினான்!" என்று முழங்கத் தலைப்பட்டனர். நம்மவரில் சிலரோ எதிர்ப்புறம் ஓடினர். "புரட்டு! வயிறு நிறைந்த பிறகு, உழைக்காதவன் கண்டுபிடித்ததே கோயில், வேட்டுவன் கட்டியிருக்க முடியாது" என்று கூறினர். முன்னவர் சான்றைப் படிக்காமலே மகிழ்ந்தனர். பின்னவர் படிக்காமலே மறுத்தனர். கண்முன் நிற்கும் கல்லை இல்லை என்பது பகுத்தறிவு ஆகாது, தோழர்களே! கல் நிற்கிறது. அது என்ன சொல்கிறது என்பதே கேள்வி.

மறுத்தவர் சாய்ந்து நின்ற சுவர் எது என்பதையும் பார்த்துவிடுவோம். ஆத்திரேலியாவிற் பிறந்த பேரறிஞர் கார்டன் சைல்டு 1936-இல் எழுதிய 'மனிதன் தன்னைத் தானே ஆக்குகிறான்' என்னும் நூலே அது. மன்னர் பட்டியலையும் போர்க்களத்தையும் வரலாறு என்று ஓதிவந்த நாளில், கோடரியையும் அடுப்பையும் விதையையும் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர் சைல்டு. புதிய கற்காலப் புரட்சி என்னும் தொடரை உலகுக்குத் தந்தவர் அவர். பயிர் செய்தான், ஓரிடத்தில் தங்கினான், உபரி சேர்ந்தது. உபரியின் மேல் பூசகனும் அரசனும் அமர்ந்தனர். கோயிலும் நகரும் எழுந்தன. இதுவே அவர் காட்டிய வரிசை. பயிர்த்தொழிலும் மட்கல வனைவும் நூற்பும் பெண்ணின் கண்டுபிடிப்புகளாகவே இருக்க வேண்டும் என்று, அன்றைய அறிஞர் பலர் எண்ணியும் பாராததை எழுதியவரும் அவரே. இந்த ஒன்றுக்காகவேனும் அவரைப் படிக்கலாம்.

ஆயினும் அவர் போட்ட வரிசை குலைந்துவிட்டது. குலைத்தது கோபெக்லி தெப்பே மட்டுமன்று. 1989-இல் வறட்சியால் கலிலேயா ஏரியின் நீர் வற்றியபோது, ஒகாலோ என்னும் இடத்தில் 23,000 ஆண்டுப் பழமையான குடிசைகள் வெளிப்பட்டன. காட்டு வாற்கோதுமையைக் குவியலாகச் சேர்த்திருந்தனர்; கல்லில் அரைத்திருந்தனர். கல்லில் மாவுச்சத்து ஒட்டியிருந்தது! சோர்தான் நாட்டின் கரும்பாலையில் சுபைக்கா என்னும் இடத்தில், 14,400 ஆண்டுகளுக்கு முன் சுட்டுக் கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்ததாக 2018-இல் அறிவித்தனர். கழனி தோன்றுவதற்கு நாலாயிரம் ஆண்டுகள் முன்பே ரொட்டி! நத்தூபியர் எனப்படும் அக்காலத்து மக்கள், பயிர் செய்யாமலே கல்லடித்தளமிட்ட வீடுகளில் குடியிருந்தனர். ஆக, பயிர் செய்த பிறகே தங்கினான் என்பது நிற்கவில்லை.

புரட்சி என்ற சொல்லும் தளர்ந்துவிட்டது. காட்டுக் கோதுமையின் கதிர் முற்றியதும் தானே உதிர்ந்து சிதறும். அதுவே அதன் விதைப்பு முறை. அறுவடை செய்யும் கைக்கோ உதிராத கதிரே வேண்டும். அறுத்ததை மீண்டும் விதைத்து, விதைத்ததை மீண்டும் அறுத்துவர, உதிராத வகை மெல்ல மெல்லப் பெருகியது. கதிரிலிருந்து மணி பிரிந்த இடத்துத் தழும்பைப் பார்த்தே ஆய்வாளர் இரண்டையும் பிரித்தறிகின்றனர்: வழுவழுப்பாக இருந்தால் தானே உதிர்ந்தது, சிதைந்திருந்தால் மனிதன் அடித்துப் பிரித்தது. அகழ்விடம் தோறும் இத்தழும்புகளை எண்ணிப் பார்த்ததில், மாற்றம் முற்றுப்பெற ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றிருப்பது புலப்பட்டது. பல தலைமுறைகள் தாம் எதை மாற்றுகிறோம் என்று அறியாமலே மாற்றியிருக்கின்றன.

சைல்டு சாய்ந்தார் என்றால் சிமிட் வென்றார் என்று பொருளாகுமா? அவரது வழக்கையும் கூண்டில் ஏற்றுவோம்.

மேட்டில் ஊற்று இல்லை, நீர் இல்லை. ஆகவே ஆள் குடியிருக்கவில்லை. விழாக் காலத்தில் வந்து போயினர். இது அவரது வாதத்தின் அச்சாணி. சிமிட்டுக்குப் பின் லீ கிளேர் என்பாரின் தலைமையில் ஆய்வு தொடர்ந்தது. தூண்களை மழையினின்று காக்கக் கூரை அமைக்க வேண்டியிருந்தது. கூரையின் கால்களை நடப் பாறை வரையில் குழி எடுத்தனர். குழியிலே வெளிவந்தவை குடியிருப்புகள்! பெருங்கூடங்களின் காலத்திலேயே அவற்றை அண்டி மக்கள் வாழ்ந்திருக்கின்றனர். மழை நீரைப் பிடித்துத் தேக்கப் பாறையில் வெட்டிய வாய்க்கால்களும் தொட்டிகளும் இருந்ததையும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். வழிபாடு முடிந்தபின் கூடங்களை வேண்டுமென்றே மண்ணிட்டு மூடினர் என்ற பேச்சும் ஆட்டங்கண்டது. சரிவிலிருந்து மண் சரிந்து விழுந்த அடையாளங்கள் தெரிந்தன. அச்சாணி கழன்ற தேர் எவ்வளவு தூரம் ஓடும்?

இன்னும் ஒன்று. அந்த மேட்டில் கிடைத்த அரைகல், குழவி, உரல் வகைக் கருவிகள் 7,000-க்கு மேல்! அவற்றின் தேய்மானத்தை ஆராய்ந்து, காட்டுத் தானியத்தைப் பெருமளவில் அரைத்திருக்கின்றனர் என்று 2019-இல் ஆய்வாளர் எழுதினர். தூணைப் படமெடுத்து அட்டையில் போட்ட ஏடுகளில் எத்தனை அரைகல்லைப் படமெடுத்தன?

நமக்கு உள்ள பெரிய தடை, கோயில் என்ற அந்தச் சொல்லேதான். சான்று செய்ய வேண்டிய வேலையை இங்கே ஒரு சொல் செய்துவிடுகிறது. கோயில் என்றதும் நம் நினைவில் எழுவன எவை? குடிகொண்ட தெய்வம், அதற்கென ஒரு பூசகன், பூசகனுக்கு மானியம், உள்ளே போகத்தக்கவர் யார், வெளியே நிற்கவேண்டியவர் யார் என்ற வரம்பு. கோபெக்லி தெப்பேயில் இதுவரை வெளிப்பட்டவற்றில் பூசகன் மாளிகை என்று சுட்டத்தக்கது எது? அரசன் கல்லறை எங்கே? கூடங்கள் தனிச் சிறப்புடையவை, ஐயமில்லை. மண்டையோடுகளில் கீறல் வெட்டிப் பேணியிருக்கின்றனர் என்று 2017-இல் காட்டப்பட்டது. இறந்தோரைப் பற்றி அவர்களுக்கு ஏதோ ஒரு சடங்கு இருந்தது. விருந்து உண்டனர், கூடினர், செதுக்கினர். இத்தனையும் உண்மை. ஆனால் கூடிய இடமெல்லாம் கோயில் என்றால், நம் ஊர்ச் சாவடியும் கோயில்தான்! அக்காலத்தில் வீடு வேறு, வழிபாட்டிடம் வேறு என்ற பிரிவே இல்லை; இவை அணிசெய்த பெருவீடுகளாக இருக்கலாகாதா என்று பானிங் என்னும் அறிஞர் 2011-இலேயே கேட்டார். அவர் கூற்றை முழுமையாக ஏற்க நமக்கு மனம் வரவில்லை. கேட்ட கேள்வி சரியானது.

இந்தச் சொல் மயக்கம் துருக்கியில் முன்பே ஒருமுறை நேர்ந்தது. 1961-இல் சேம்சு மெல்லார்ட் என்பார் சாத்தல்குயுக் என்னும் பேரூரை அகழ்ந்தார். ஒன்பதாயிரம் ஆண்டுப் பழமையான ஊர். தெரு இல்லை, வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும், கூரை வழியே ஏணியில் இறங்குவர். சுவரில் எருதுத் தலைகளையும் ஓவியங்களையும் கண்ட மெல்லார்ட், அணிசெய்த அறைகளையெல்லாம் தெய்வ நிலையங்கள் என்றார்; பருத்த பெண்ணுருவப் பொம்மையைத் தாய்த்தெய்வம் என்றார். 1993 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் அங்கே பணியாற்றிய இயன் ஆடரின் குழுவினர், அதே அறைகளில் அடுப்பையும் சாம்பலையும் தானிய அறையையும் கண்டனர். அவை வீடுகள்! மக்கள் சமைத்து, உறங்கி, இறந்தோரைத் தரைக்கடியிலேயே புதைத்த வீடுகள். ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே உணவை உண்டதை எலும்பின் வேதியியல் காட்டியது. ஒரு வீட்டில் புதைத்தோரிடையே தாய்வழித் தொடர்பே வலுவாக இருந்ததை 2025-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. பொம்மையைத் தெய்வமாக்கிப் பெண்ணைப் பெருமைப்படுத்தியதாக எண்ணியவருக்கு, அவள் தட்டில் என்ன இருந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை. பொற்காலம் என்று இதையும் பாடிவிட வேண்டா: ஆராய்ந்த 93 மண்டையோடுகளில் 25-இல் அடிபட்டு ஆறிய காயங்கள் இருந்தன.

சரி, கோயிலே என்று வைத்துக்கொண்டாலும் அது கழனியைப் பெற்றதா? கோபெக்லி தெப்பேக்குத் தொலைவில் இல்லாத கரசதாக் மலைச்சாரலில் ஒருவகைக் கோதுமையின் பூர்வீகம் இருக்கலாம் என்று 1997-இல் ஓர் ஆய்வு கூறியதைச் சிமிட்டின் அன்பர்கள் துணைக்கழைப்பர். ஆனால் மேற்காசியாவிலேயே பல இடங்களில் பல கைகள் பயிரை வளர்த்தன என்பதே பின் வந்த ஆய்வுகளின் போக்கு. சீனத்தின் யாங்சி வெளியில் நெல்லை விளைவித்தோரும், மெக்சிக்கோவில் மக்காச்சோளத்தை உருவாக்கியோரும் எந்தப் பெருந்தூணுக்கும் சோறிட அதைச் செய்யவில்லை. பாப்புவா நியூகினியின் கூக் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழையும் சேம்பும் பயிரிட்டனர். அங்கே கோயிலும் இல்லை, கோட்டையும் இல்லை, கோனும் இல்லை. மேடும் வாய்க்காலும் இருக்கின்றன.

சைல்டு உபரியைப் பார்த்தார். சிமிட் தூணைப் பார்த்தார். காட்டில் மணி சேர்த்த நாளிலும் கழனியில் அறுத்த நாளிலும் மாறாமல் இருந்தது ஒரு வேலை: அரைத்தல். அதைச் செய்தவர் யார் என்பதற்குச் சான்று சிரியாவில், யூப்ரடீசு ஆற்றங்கரை அபு உரேரா என்னும் ஊரில் இருந்து வந்தது. வேட்டையும் சேகரிப்புமாக வாழ்ந்து, பிறகு உழவுக்கு மாறிய ஊர் அது. அவ்வூர் மக்களின் எலும்புகளை ஆராய்ந்த தேயா மோலசன் என்னும் அம்மையார் 1994-இல் தம் முடிவுகளை எழுதினார். கால் பெருவிரல் மூட்டு தேய்ந்து சிதைந்திருந்தது. முழங்காலில் அழுத்தத்தின் வடு. கீழ் முதுகெலும்பு நைந்திருந்தது. மேற்கையின் எலும்போ தசை பற்றிப் பற்றித் தடித்திருந்தது. முழந்தாளிட்டு, விரல்களை மடக்கி ஊன்றி, இரு கைகளாலும் குழவியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்து, நாளுக்குப் பல மணி நேரம் அரைத்த உடம்பு அது. அந்தச் சிதைவு பெரும்பாலும் பெண்களின் எலும்பில்தான் இருந்தது. அம்மியை அறிந்த நம் வீட்டுப் பெண்டிர்க்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை! மாவோடு கலந்த கல் துகளால் ஊரார் பற்கள் தேய்ந்தும் உடைந்தும் போயிருந்தன.

தொந்தி மேட்டில் பத்தில் ஒரு பங்குகூட இன்னும் அகழப்படவில்லை. அருகிலுள்ள கரகான் தெப்பேயில் 2019 முதல் நெச்மி கருல் தலைமையில் அகழ்வு நடைபெற்று, அங்கும் பெருங்கூடங்களோடு குடியிருப்புகள் தென்படுகின்றன. அபு உரேராவுக்கோ அந்த வாய்ப்பு இல்லை. யூப்ரடீசின் குறுக்கே தப்கா அணை எழுந்தபோது, 1972, 1973 ஆகிய ஈராண்டுகளில் ஆண்ட்ரூ மூர் குழுவினர் விரைந்து தோண்டி எடுத்ததே எஞ்சியது. மேடு இன்று நீருக்கடியில் கிடக்கிறது.