ராகத்தின் பேரைச் சொன்னால் போதுமா?

திரையிசையை அலசும் பாட்காஸ்ட்டுகளை எடைபோட ஒரு கேள்வி போதும்: கேட்டு முடித்ததும் அந்தப் பாட்டை மறுபடி போடத் தோன்றுகிறதா, போட்டால் முன்பு காதில் விழாத ஏதாவது விழுகிறதா? படம், பாடலாசிரியர், இசை, பாடியவர் என்ற நாலு பேரையும் வானொலி அறிவிப்பாளர்கள் நாலே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அந்த நாலு பேரோடு ராகத்தின் பேரையும் சேர்த்து, ‘மேதை’ என்ற சொல்லைப் பத்துத் தடவை தூவி, நாற்பது நிமிடம் இழுத்தால் அது அலசல் ஆகிவிடாது.

ஓர் எடுத்துக்காட்டு: தியாகராஜ பாகவதர் ‘ஹரிதாஸ்’ (1944) படத்தில் பாடிய ‘மன்மத லீலையை’, சாருகேசி ராகம். இந்தத் தகவலால் மட்டும் காதுக்கு ஒரு பயனும் இல்லை. சாருகேசியின் கீழ்ப்பாதியில் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், மேல்பாதியில் தோடியின் ஸ்வரங்கள் என்று சொல்லி, இரண்டையும் தனித்தனியே பாடிக்காட்டினால் கதை வேறு. பஞ்சமத்தைத் தாண்டியதும் குதூகலத்துக்குள் ஓர் ஏக்கம் நுழைவதை அப்புறம் நீங்களே பிடித்துவிடுவீர்கள். அந்தப் பாட்டுக்குச் சொல்லும் மெட்டும் பாபநாசம் சிவனுடையவை. வாத்திய அமைப்பு இசையமைப்பாளர் ஜி. ராமநாதனுடையது. மொத்தப் பெருமையையும் ஒருவர் தலையில் கட்டும் நிகழ்ச்சி, மெட்டையும் வாத்தியத்தையும் பிரித்துக் கேட்கும் வாய்ப்பையே நமக்கு இல்லாமல் செய்கிறது. ராமநாதன் இதே ராகத்தில் ‘சாரங்கதரா’வுக்கு (1958) ‘வசந்த முல்லை’ போட்டார். அங்கே சிவாஜிக்காக டி.எம். சௌந்தரராஜன் பாடுகிறார், இங்கே நடிப்பவரே பாடுகிறார். ஒரே ராகம் எப்படி இரண்டு ஆளாக நிற்கிறது? குரல், காட்சி, வாத்தியம் ஆகியவற்றுக்குள் போகாமல் இதற்குப் பதில் கிடைக்காது.

பிரித்துப் பார்த்தால் ரசனை செத்துவிடும் என்பார்கள். கச்சேரியில் ஆலாபனையைக் கேட்டு ராகத்தைக் கண்டுபிடித்தவர் எழுந்து வீட்டுக்கா போகிறார்? அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து உட்காருகிறார். சங்கீதம் படிக்காதவருக்கு இதெல்லாம் எட்டாது என்பது இன்னொரு வாதம். அதில் நியாயம் உண்டு, சொல்பவர் வெறும் சொல்லோடு நிறுத்திக்கொண்டால். ஜெயா டிவியின் ‘இசைப் பயணம்’ நிகழ்ச்சியில் சாருலதா மணி ராகத்தையும் சினிமாப் பாட்டையும் அடுத்தடுத்துப் பாடிக்காட்டினார். 2020இல் சுபஸ்ரீ தணிகாசலம் தொடங்கிய ‘கியூஎஃப்ஆர்’ என்ற காணொளித் தொடர், பாட்டைப் பற்றிப் பேசியதோடு விடாமல் அதைப் புதிதாக வாசிக்கவும் வைத்தது. வாசிப்பவர் ஒவ்வொருவரும் தனிச் சட்டத்தில் தெரிவதால், எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது என்று கண்ணே காதுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. சுத்த ஒலி வடிவமான பாட்காஸ்ட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே அங்கே பேச்சு குறைந்து, பாடிக்காட்டுவது கூடவேண்டும்.

அடுத்த அலசலைத் திறக்கும் முன், இந்த இரண்டு சாருகேசிகளையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேட்டுவிடுங்கள்.