கருணையன் புலம்பலில் ஆறுதலின் இடம்

தேம்பாவணியில் கருணையன் தன் தாய் எலிசபெத்தைக் கானகத்தில் அடக்கம் செய்து புலம்பும் பகுதி, தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றுள்ளது. உவமை நலம் பாராட்டுவதோடு நின்றுவிடத்தக்க பகுதியன்று இது. மனக்காயம் உற்றவனுக்கு விசுவாசம் என்ன செய்கிறது என்னும் வினா இதனுள் உள்ளது.

கருணையன் என்பது திருமுழுக்கு யோவானுக்கு வீரமாமுனிவர் (1680–1747) இட்ட பெயர். லூக்கா நற்செய்தி அச்சிறுவன் பாலைநிலத்தில் வாழ்ந்ததை ஒரே தொடரில் கூறி நகர்கிறது. தாயின் இறப்பை அது சொல்வதில்லை. நற்செய்தி மௌனம் காத்த இடத்தில் காப்பியம் அழுகிறது.

மகன் முதலில் கைகுவிப்பது நிலமகளை நோக்கி. அன்னையின் உடலை அன்போடு காக்குமாறு வேண்டி, குழியில் மலர்ப்படுக்கை விரிக்கிறான். அடுத்து, தாயின் வாய்மைமொழியே மழையாக வாழ்ந்த தான், துளியின்றி வாடி மணிபிடிக்குமுன் காய்ந்த இளம்பயிர் ஆனதாகக் கூறுகிறான். சாமையும் கேழ்வரகும் மானாவாரியாக விளையும் தருமபுரி மாவட்டத்து மாணவருக்கு இவ்வுவமை உரையின்றியே விளங்கும். ஆயினும் அதன் கூர்மை வேறொன்றில் உள்ளது. அறமும் மெய்ம்மையும் அவனுக்குத் தாயின் குரல் வழியாகவே வந்தன. அக்குரல் ஓய்ந்தபோது அவை வந்த வழியும் அடைபட்டது. பிழைக்கும் முறை அறியேன், உணவு தேட அறியேன், காட்டுவழி அறியேன் என்னும் அடுக்கு அதனாலேயே வெறும் சொல்லணியாகத் தோன்றவில்லை.

பாடநூலில் உள்ள பாடல்களுள் மறுமை பற்றிய தேறுதல் எதுவும் இல்லை. இஃது ஒரு சமயக் காப்பியத்தின் குறை என்று கொள்வாரும் இருக்கலாம்; நான் அவ்வாறு கருதவில்லை. தெசலோனிக்கருக்குப் பவுல் எழுதிய முதல் மடலின் நான்காம் அதிகாரத்தை அழுகைக்கு விதித்த தடையாகவே வாசிப்போர் உண்டு. பவுல் விலக்கியதோ நம்பிக்கையற்றோரின் துயரத்தை மட்டுமே. இலாசரின் கல்லறையருகே இயேசுவே கண்ணீர் விட்டதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. ஒப்பாரி வழங்கும் ஊர்களில், 'அழாதே, செபி' என்று துயருற்றோரை விரைந்து அடக்குவோர்க்கு வீரமாமுனிவர் துணைநிற்கமாட்டார்.

இராமன் நகர் நீங்கும்போது ஆவும் கன்றும் பூவும் அழுவதாகக் கம்பர் பாடினார். அம்மரபை முனிவர் இங்கு ஏற்றுள்ளார். ஆனால் அயோத்தியில் ஒரு நகரமே உடன் அழுதது. கருணையனுக்கு மனிதர் ஒருவரும் இல்லை. அவன் புலம்பலுக்கு மரங்கள்தோறும் சுனைகள்தோறும் காடே ஒலித்து அழுகிறது.