விரிந்து, விரித்து

மயிலாப்பூர்க் குளத்தையொட்டிப் பூ விற்கிறவர்களிடம் இரவு எட்டு மணிக்கு மேல் போனால் மல்லிகை மலிவாகக் கிடைக்கும். 'விரிஞ்சிருச்சு சார், கம்மியா போட்டுக் குடுக்கறேன்' என்பார் அந்த அம்மாள். நம் கவிஞர்கள் உச்சம் என்று கொண்டாடிவரும் அதே விரிதல் அவருக்கு நஷ்டக் கணக்கு. விலை மொட்டுக்குத்தான்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம், சமீபத்தில் ஒரே மூச்சில் படித்த பத்துப் பன்னிரண்டு கவிதைத் தொகுதிகள். முடிக்கத் தெரியாத இடத்திலெல்லாம் ஏதாவது ஒன்று விரிகிறது. வானம் விரிகிறது, மௌனம் விரிகிறது, பெயரிடப்படாத ஒரு வெளி விரிகிறது. விரிந்தவுடன் கவிஞர் எழுந்து போய்விடுகிறார். வாசகன் உட்கார்ந்திருக்கிறான்.

விரிதல் என்றால் பெரிதாதல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். பேச்சில் அப்படி இல்லை. மழைக்காலத்தில் கதவைச் சாத்த முடியாவிட்டால் தச்சர் 'மரம் ஊறியிருக்கு' என்பார். மாவு பொங்குகிறது. வயிறு உப்புகிறது. வட்டி ஏறுகிறது. பழைய அரிசி 'நல்லாக் காணும்'. பாண்டி பஜார் செருப்புக் கடைப் பையன், நம் கட்டைவிரல் நெரிபடுவதைப் பார்த்துக்கொண்டே, 'போடப் போட விட்டுக்கொடுக்கும் சார்' என்கிறான். எல்லாம் பெரிதாவதைப் பற்றிய பேச்சுத்தான்; ஒன்றிலும் விரி இல்லை. எது, எதனால், எப்படிப் பெரிதாயிற்று என்பது அந்தந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. ஊறுவதற்குத் தண்ணீர் வேண்டும். பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும். விட்டுக்கொடுப்பதற்கு ஒரு தோல் வேண்டும். எதிரே விட்டுக்கொடுக்காத ஒரு காலும் வேண்டும்.

விரி எங்கே வருகிறது? பாய், குடை, சிறகு, கூந்தல். ரங்கநாதன் தெருவில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்தால் கடை. மடிந்தோ சுருண்டோ கட்டுண்டோ இருந்தது திறந்துகொள்கிறது, அவ்வளவுதான். பாயை விரிப்பதால் பாய் ஒரு முழம் கூடுவதில்லை. மறைந்திருந்த பாகம் கண்ணுக்குத் தெரிகிறது. சூடேறினால் உலோகம் 'விரிவடைகிறது' என்று பள்ளிப் பாடப் புத்தகம் எழுதியபோது இந்த வினை வேறு வேலைக்கு அமர்த்தப்பட்டது. பாடப் புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. கவிதைக்கு என்ன அவசரம்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகன் (1924-36) பொருள்களை வரிசையாக அடுக்கி இலக்கியச் சான்று காட்டுவது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி சொல்லை வாக்கியத்தில் வைத்துக் காட்டுகிறது. வினையை அதன் எச்ச வடிவங்களோடு தருகிறது. விரிய, விரிந்து, விரிக்க, விரித்து. தானே நடப்பது ஒன்று, ஒருவர் செய்வது ஒன்று. நல்ல அகராதி இந்த இரண்டையும் கலக்க விடாது. பெயராக்கிய மாத்திரத்தில் வித்தியாசம் தொலைகிறது. 'விரிவு' என்றால் விரிந்ததா, விரித்ததா? விரித்தலிலிருந்து பிறந்த 'விரிப்பு' கட்டிலோடு நின்றுவிட்டது. 'விரிசல்' மட்டும் நேர்மையாகச் சுவரில் இருக்கிறது. 'விரிவாக்கம்' இவற்றில் மோசம். யாரோ ஆக்கினார்கள் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, யார் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறது.

நம் இலக்கணக்காரர்கள் இந்தச் சொல்லை வைத்திருந்த இடம் வேறு. தொகையில் மறைந்து நிற்கும் உருபை வெளியே எடுத்துக் காட்டுவது அவர்களுக்கு விரி. 'ஊர் சென்றான்' தொகை. 'ஊருக்குச் சென்றான்' விரி. கூட வந்தது ஒரு குவ்வுருபு. ஆனால் உறவு வெளிப்பட்டுவிட்டது. 'நகர விரிவாக்கம்' என்பதை இந்த முறைப்படி விரித்துப் பாருங்கள். நகரத்தின் விரிவாக்கமா, நகரத்தை விரித்ததா? யார், எதன் மேல்?

1920களில் மாம்பலம் ஏரியின் நீரை வடித்து, மனை பிரித்து, பி. தியாகராய செட்டியாரின் பெயரை வைத்தார்கள். அதுதான் தி. நகர். மேற்கு மாம்பலத்தில் ஏரி இல்லாத லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. பட்டணம் விரிந்தது என்று இதைச் சொல்வது வழக்கம். எது அங்கே மடிந்து கிடந்தது, விரிவதற்கு? ஏரி தூர்ந்தது, அதுதான் வினை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் அந்தத் தெருக்களில் நீர் நின்றபோது, சனங்கள் பிழையில்லாமல் பேசினார்கள்: 'தண்ணி ஏறிடுச்சு.'

அகல் என்ற வினை இதைவிடக் கூர்மையானது. அகல்வது என்றால் அகலமாவது, விலகிப் போவது, இரண்டும்தான். 'காலை அகற்றி நில்' என்பதும் 'ஆக்கிரமிப்பை அகற்று' என்பதும் ஒரே அகற்று. சாலை அகல வேண்டுமென்றால் யாரோ அகல வேண்டும் என்பதை மொழி முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருக்கிறது. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று, அது விரிவாக்கம். அதற்கு முன்பே, 2000லிருந்து, உள்நகரத்தின் கரையோரக் குடிசைக்காரர்கள் கண்ணகி நகருக்கு அகற்றப்பட்டு வந்தார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில், கோவிந்தசாமி நகரில், பக்கிங்ஹாம் கால்வாயோரத்து வீடுகளை உச்சநீதிமன்ற ஆணைப்படி இடித்தபோது அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். பூக்கார அம்மாள் உட்காரும் இடத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான். செய்தியில் அதன் பெயர் 'ஆக்கிரமிப்பு அகற்றம்'. இங்கேயும் பெயர்ச்சொல்தான்.

அரசாங்கத் தமிழை அடிப்பது சுலபம். நம் பக்கங்கள் யோக்கியமா? சில வருஷங்களுக்கு முன் ஒரு சிற்றிதழில், ஒரு நண்பரின் முதல் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். அதில் 'இக்கவிதைகளில் அனுபவ விரிவு நிகழ்கிறது' என்று ஒரு வாக்கியம். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'யாருடைய அனுபவம், சார்? என்னுடையதா, உங்களுடையதா?' நான் வாசக அனுபவம், பிரதியின் தளம் என்று ஏதேதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். உண்மை என்னவென்றால், அந்தத் தொகுதியில் ஏழெட்டுக் கவிதைகள் எனக்குப் பிடிபடவில்லை. அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் விரிவு என்று போட்டு மூடினேன்.

அந்தத் தொகுதியை இப்போது திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன். நான்காவது கவிதையில் ஒரு குடை வருகிறது. விரிகிறதா, விரிக்கிறாளா என்று அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. விரிக்கிறாள். மழை இல்லை.