மாலைக்கோயில்களும் மைப்படிகளும்

மூத்தவர்கள் இருக்க மன்ற மலருக்கு நான் எழுதுவதா என்று தயங்கினேன். என் ஆசிரியர் ஐயாவிடம் நடுகல் பாடம் கேட்டவன் என்ற உரிமையில் ஒப்புக்கொண்டேன்.

நடுகல் நடும் முறை, காட்சி முதல் வாழ்த்து வரை, அன்பர்கள் அறிந்ததே. வடக்கே செங்கத்துக் கற்களில் எழுத்து உண்டு. ஆட்சியாண்டு, வீரன் பேர், பட்ட காரணம் எல்லாம் வட்டெழுத்தில் கிடைத்துவிடும். 1972-ல் இரா. நாகசாமி பதிப்பில் ‘செங்கம் நடுகற்கள்’ வந்தபின் வடக்கே ஆய்வோருக்கு எழுத்தே முதல். குறையாகச் சொல்லவில்லை. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில், எருமைகளைக் காக்கப் பட்ட வீரனோடு, கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயும் பேரோடு இருக்கிறது. ராஜபாளையத்தில் கிடைத்திருந்தால் நம்மவர்கள் லேசில் விட்டிருப்பார்களா! 2006-ல் புலிமான்கோம்பையில் தமிழி பொறித்த கற்கள் கிடைத்ததும் வைகைக் கரை காலத்தால் இன்னும் முந்திக்கொண்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் நாம் பார்ப்பவை பெரும்பாலும் எழுத்தில்லாத நாயக்கர் காலக் கற்கள். சரிந்த கொண்டை, கும்பிட்ட கை, பக்கத்தில் மனைவி. சனங்களுக்கு அது மாலைக்கோயில். எழுத்தில்லாத கல்லை உருவத்தால் படி என்பதே ஐயா வழி. கொண்டை எந்தப் பக்கம், உயர்த்திய கையில் வளையல் உண்டா, கல் எந்தத் திசை பார்க்கிறது என்று குறித்தபின்தான் காலம் பேசலாம். கும்பிடும் குடும்பத்தாரைக் கேட்காமல் தொடக்கூடாது. எழுத்திருந்தால் மைப்படி: கழுவிய கல்லில் ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, பள்ளத்துக்குள் தாள் இறங்கியபின்தான் மை. ஒரு குமிழி இருந்தாலும் ஐயா கிழித்துப்போடுவார்.

இன்று சிலர் — ஆர்வமுள்ள பிள்ளைகள்தாம், பெயர் வேண்டாம் — கல்லில் மைதாமாவைத் தடவி, செல்போனில் படமெடுத்து, மறுநாளே ‘ஆயிரம் ஆண்டுப் பழமை’ என்று செய்தி கொடுத்துவிடுகிறார்கள். நாயக்கர் காலக் கொண்டைக்காரன் எப்படிப் பாண்டியன் படையில் சேர்ந்தான்? உயரம் அகலம் கிடையாது. படத்தில் அளவுகோல் கிடையாது. கல்லைவிடக் கண்டுபிடித்தவர் பெரிதாக நிற்கிறார். அந்தச் செய்தியை இன்னொருவர் மேற்கோள் காட்ட, அதை வைத்து மூன்றாமவர் ஆய்வேடு எழுத, நாளைக்குப் பொய்யே வரலாறாகிவிடும். ஒழுங்காகப் பதிந்தால் என்ன பயன் என்பதற்கு வேல்ஸ் நாட்டைப் பாருங்கள்: எட்வர்ட் லூயிட் 1690-களிலேயே பழங்கற்களைப் பார்த்து வரைந்துவைத்தார். தொலைந்துபோன சிலவற்றுக்கு அந்தப் படங்களே சாட்சி. 1950-ல் நாஷ்-வில்லியம்ஸ் அந்நாட்டுப் பழங்கிறித்தவக் கற்களை வகைபிரித்து ஒரே நூலாக்கினார். ஒரு வட்டத்துக்கேனும் அப்படியொரு நூலை நம் மன்றம் போட வேண்டாமா?

ஐயா எடுத்த மைப்படிகள் சில, அன்பர்கள் வீட்டுப் பரணில் சுருட்டிக் கிடக்கின்றன. கரையான் முந்துவதற்குள் மன்றத்தில் ஒப்படையுங்கள், ரசீது தருகிறோம்.