அங்கியும் கயிறும்

பட்டமளிப்பு விழாவில் எல்லோருக்கும் ஒரே அங்கி. ஐரோப்பியப் பாதிரிமார் உடுப்பின் வழிவந்தது அது. 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் எழுந்ததையொட்டி நம் தோளிலும் ஏறியது. 2010இல் போபாலில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், காலனிய மிச்சம் என்று மேடையிலேயே அதைக் கழற்றினார். சரி. கழற்றினால் உள்ளே தெரிவது யாருடைய சட்டை?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேறொன்றை முயன்றார்கள். பொதுவிழாவோடு கூடவே கறுப்பின மாணவர்களும் பழங்குடியினரும் தத்தமக்கென விழா எடுத்தார்கள்; கறுப்பு அங்கியின்மேல் ஆப்பிரிக்கக் கெண்டே துணி. தற்பால் விருப்பினருக்கான 'லாவண்டர்' விழா மிச்சிகனில் 1995இல் தொடங்கியது. மையத்தின் ஒற்றைச் சடங்குக்குள் விளிம்பு தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும் செயல் இது. 2025இல் ஹார்வர்ட் இவ்விழாக்களுக்கான நிதியை நிறுத்தியதைப் பார்த்தால், அந்தப் பெயர்கள் அதிகாரத்தை எவ்வளவு உறுத்தியிருக்கின்றன என்பது தெரியும்.

இதை அப்படியே கொண்டுவந்து இங்கே நட்டுவிடலாமா? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கான்சாபுரம் மாதிரி ஊரிலிருந்து பஸ் ஏறிப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்குத் தெரியும், தென்மாவட்டங்களில் நிறம் ஏற்கெனவே மணிக்கட்டுக்கு வந்தாயிற்று என்று. சாதிக் கயிறுகளைத் தடுக்கப் பள்ளிக் கல்வித்துறை 2019இல் சுற்றறிக்கை விட்டது. 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் கயிறு கூடாது என்றது. 'பன்மை' என்று நாம் கூசாமல் எழுதுகிறோம். ஒருவன் அணியும் நிறம் மிரட்டல். இன்னொருவன் அணிந்தால் அடி விழும். இரண்டையும் ஒரே மேடையில் பன்மை என்று கொண்டாட முடியாது.

அதனால்தான் அந்தக் கறுப்பு அங்கியை அவ்வளவு லேசாகத் தூக்கியெறிய எனக்கு மனசு வரவில்லை. மூன்று தலைமுறையாகச் சுவரில் அங்கிப் படம் தொங்கும் வீட்டுக்காரர் கழற்றலாம், அழகாகவும் இருக்கும். ஸ்டுடியோவில் வாடகை அங்கி மாட்டிப் படமெடுத்து, 'எம்பிள்ளை படிச்சிருச்சு' என்று தெருவுக்கே காட்டுகிற அம்மாவிடம் போய், இது காலனியம், கழற்று என்பதா? அவள் முறை வரும்போதா?

இங்கே அரசு கொடுக்கிற பெயர் ஒன்று உண்டு: 'முதல் பட்டதாரி'. 2010 முதல் தொழிற்கல்விக் கட்டணச் சலுகைக்காக வழங்கப்படும் சான்றிதழ் அது. சாதியைச் சொல்லாமலே வரலாற்றைச் சொல்லிவிடுகிற சொல். ஆனால் அதன் ஆயுள் தாலுகா ஆபீசில் தொடங்கிச் சேர்க்கை கவுண்டரில் முடிந்துவிடுகிறது. பட்டமளிப்பு மேடையில் தங்கப்பதக்கக்காரர் பெயரை வாசிக்கிறார்கள். இவர்கள் பெயரையும், பெற்ற தாய்தகப்பன் பெயரையும் சேர்த்து வாசிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்தத் தாய்தகப்பன் அழைப்பிதழ் கிடைத்தால் பின்வரிசையில், இல்லாவிட்டால் பந்தலுக்கு வெளியே.